போனில் குவிந்த டேப்களை மூடுவது எப்படி? கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில், கொம்தார் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் கடையில் ரிப்பேர் மேசையில் உட்காருகிறவன் நான். ஸ்கிரீன் உடைந்தது, பேட்டரி உப்பியது என்று வருபவர்கள் பாதி. "போன் ரொம்ப ஸ்லோ, என்னன்னு கொஞ்சம் பாரு தம்பி" என்று வருபவர்கள் மீதி. இந்த இரண்டாவது கூட்டத்திடம் போனை வாங்கியதும் நான் முதலில் திறப்பது பிரவுசரைத்தான். அங்கே எழுபது, எண்பது டேப் வரிசையாக நிற்கும். அப்போது அவர்கள் கேட்பதும் நான் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் எழுதியே வைத்துவிட்டேன். மெனுப் பெயர்களை ஆங்கில ஒலியிலேயே கொடுத்திருக்கிறேன். போனை மலாயில் வைத்திருப்பவர்கள் "குளோஸ்" என்று நான் சொல்லும் இடத்தில் "துத்துப்" என்று தேடிக்கொள்ளுங்கள்.

டேப் என்று எதைச் சொல்கிறீர்கள்? என்னிடம் டேப் கிடையாதே, போன் மட்டும்தானே?

நீங்கள் நினைப்பது பெரிய ஸ்கிரீன் வைத்த டேப்லெட். நான் சொல்வது பிரவுசருக்குள் திறந்து கிடக்கும் பக்கங்கள். கூகுளில் ஒன்றைத் தேடி ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள், அது ஒரு டேப். அதை மூடாமல் இன்னொன்றைப் புதிதாகத் திறந்தால் இரண்டு. குரோமில் மேலே, அல்லது சில போன்களில் கீழே, ஒரு சிறு சதுரமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்தான் உங்கள் கணக்கு.

நான் எதையும் திறந்து வைக்கவே இல்லை. பிறகு எப்படி 64 வந்தது?

வாட்ஸ்அப். முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் பதில். குடும்ப குரூப்பில், கோயில் குரூப்பில், தாமான் (குடியிருப்பு) குரூப்பில் வரும் லிங்க்கை நீங்கள் தொடும் ஒவ்வொரு தடவையும் பிரவுசரில் புதிதாக ஒரு டேப் முளைக்கிறது. படித்துவிட்டு அப்படியே வாட்ஸ்அப்புக்குத் திரும்பிவிடுவீர்கள். டேப் அங்கேயே பல நேரம் நின்றுவிடும். ஒரே செய்தியை மூன்று குரூப்பில் மூன்று பேர் அனுப்பி, மூன்றையும் தொட்டிருந்தால் ஒரே பக்கம் மூன்று டேப்.

சில இணையதளங்களும் தாங்களாகவே இணைப்புகளைப் புது டேப்பில் திறக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அரசாங்கப் பக்கங்களில் ஒரு பாரம் தேடிப் போனால் நாலு டேப்போடுதான் திரும்பி வருவீர்கள்.

பேஸ்புக்கில் தொடும் லிங்க் மட்டும் பெரும்பாலும் பேஸ்புக்குக்கு உள்ளேயே திறந்து, அங்கேயே மூடிக்கொள்ளும். அது இந்தக் கணக்கில் சேராது. "அன்னைக்கு ஒண்ணு பார்த்தேனே, காணோமே" என்று குரோமில் தேடிப் பயனில்லை என்பதற்கும் அதுதான் காரணம்.

எண் இருந்த இடத்தில் ஒரு சிரிப்பு முகம் வந்துவிட்டது. வைரஸா?

இல்லை. 99-ஐத் தாண்டினால் குரோம் எண்ணுவதை நிறுத்திவிட்டு, இரண்டு புள்ளியும் ஒரு திறந்த வாயுமாகப் பக்கவாட்டில் சிரிக்கும். ஆண்ட்ராய்டில் மறைவு டேப்களை (ஹிஸ்டரியில் பதியாத "இன்காக்னிட்டோ") நூறு வைத்தால் கண்ணடிக்கும். குரோமை எழுதியவர்களின் குறும்பு, வேறொன்றும் இல்லை.

பிறை என்ற ஊரிலிருந்து வந்த ஓர் ஆன்ட்டி, "போன் என்னைப் பார்த்துச் சிரிக்குது தம்பி" என்றுதான் அதை நீட்டினார். கடையில் கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை. சரி, உட்கார்ந்து ஒன்றொன்றாகப் பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். பட்டர்வொர்த்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ஈடிஎஸ் ரயில் நேரம், நாலு தடவை. மகனின் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடிவு பார்த்த பக்கம்; மகன் இப்போது வேலைக்குப் போகிறான். இராகு காலம் ஒன்பது. ஒரே சேலை மூன்று நிறத்தில். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் எந்தச் சாலை மூடல் என்ற செய்தி, போன வருடத்தது. "மூடு, மூடு, மூடு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் என் கையைப் பிடித்துவிட்டார். அதிரசம் செய்முறை. "இதை மூடாதே, எங்க அக்கா அனுப்பினது."

மூடவில்லை. ஆனால் பார்க்கலாமே என்று தொட்டேன். அதுதான் தப்பு. அந்தச் சதுரத்தைத் தொட்டால் ஒவ்வொரு டேப்பும் ஓர் அட்டையாகத் தெரியும்; இதன் அட்டையில் சின்னப் படமாக "பச்சரிசி 4 கப், வெல்லம்" வரைக்கும் தெரிந்துகொண்டிருந்தது. தொட்டதும் பக்கம் மறுபடி இறங்கப் பார்த்தது, அந்த இணையதளமே இப்போது இல்லை, பிழைச் செய்தி வந்தது. திரும்பி அட்டைகளுக்குப் போனால் அந்தச் சின்னப் படமும் போய், அங்கேயும் பிழைச் செய்திதான். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலும் தேடினேன், அந்தப் பக்கம் அங்கே இல்லை. ஆன்ட்டி ஒன்றும் திட்டவில்லை. "வெல்லம் எவ்வளவுன்னு மட்டும் பார்த்திருக்கலாம்" என்றார்.

டேப் என்பது அந்தப் பக்கம் அல்ல, அந்தப் பக்கத்தின் விலாசமும் ஒரு சின்னப் போட்டோவும்தான். அந்த வீட்டை இடித்துவிட்டால் கையில் விலாசம் இருந்து என்ன செய்வது? வேண்டிய பக்கத்தை எப்படிப் பத்திரமாக வைப்பது என்று கீழே தனியாகச் சொல்கிறேன். அன்றிலிருந்து பழைய டேப் எதையும் தொடுவதற்கு முன்னால் அட்டைகளை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்கிறேன்.

ஆண்ட்ராய்டில் மூடுவது எப்படி?

குரோமில் அந்தச் சதுரத்தைத் தொட்டால் எல்லா டேப்பும் அட்டை அட்டையாக விரியும். ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் ஒரு பெருக்கல் குறி. அதைத் தொடலாம், அல்லது அட்டையை விரலால் பக்கவாட்டில் தள்ளிவிடலாம். தள்ளுவதுதான் வேகம், கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி. மொத்தமாக மூட வேண்டுமென்றால் அதே இடத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு "குளோஸ் ஆல் டேப்ஸ்". நாற்பதில் முப்பதை மட்டும் மூட, "செலக்ட் டேப்ஸ்" எடுத்து வேண்டாததை டிக் செய்து ஒரே தடவையில் மூடலாம். இது இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

சாம்சங்கின் சொந்தப் பிரவுசரில் கீழே டேப்ஸ் பட்டன் இருக்கும், மற்றபடி வழி ஏறக்குறைய அதேதான். அங்கே 99 டேப்புக்கு மேல் திறக்க விடாது என்பதால் சிரிப்பு முகமும் கிடையாது. மற்ற கம்பெனிப் பிரவுசர்களிலும் எண் போட்ட ஒரு கட்டத்தைத் தேடுங்கள், அதற்குள்தான் இருக்கும்.

ஐபோனில்?

சஃபாரியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சதுரம் வரைந்த பட்டன். அதை விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் எல்லாவற்றையும் மூடும் வரி எண்ணிக்கையோடு வரும். அந்தப் பட்டனைக் காணவில்லை என்றால், முகவரி எழுதும் பட்டை கீழே இருக்கும் போன்களில் பட்டையைத் தொட்டு மேலே தள்ளுங்கள், அட்டைகள் வந்துவிடும். ஒவ்வொன்றாக மூட இடதுபக்கம் தள்ளினால் போதும். சஃபாரி 500 டேப் வரை தாங்கும். 500 வைத்திருந்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன். வக்கீல்.

ஆப்பையே மேலே தள்ளி மூடிவிடுகிறேனே, அது போதாதா?

போதாது. கடையை இழுத்துப் பூட்டினால் உள்ளே இருக்கும் சாமான் காலியாகிவிடுமா? மறுபடி திறந்தால் அத்தனை டேப்பும் அப்படியே நிற்கும். போனை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் அதே கதை.

போன் ஸ்லோவாக இருப்பதற்கு டேப்தானா காரணம்?

கடைக்காரன் வாயிலிருந்து இதை எதிர்பார்க்க மாட்டீர்கள்: பெரும்பாலும் இல்லை. நீங்கள் பார்க்காத பழைய டேப்களை போன் தானாகவே நினைவகத்திலிருந்து இறக்கிவிடுகிறது. எண்பது டேப் இருந்தாலும் உண்மையில் உயிரோடு இருப்பது கடைசியாகப் பார்த்த சிலதுதான். தூங்கும் டேப் டேட்டாவும் தின்னாது, பேட்டரியும் தின்னாது. தொட்டு எழுப்பும்போது மறுபடி இறங்கும், அப்போதுதான் டேட்டா போகும். நான் பார்க்கும் ஸ்லோ போன்களில் அதிகம் உண்மையான காரணம் சேமிப்பிடம் நிறைந்து வழிவது. காலை வணக்கம் படங்களும் வீடியோக்களும். அதை அழித்தால் டேப்பை மூடுவதைவிட நாலு மடங்கு நிம்மதி.

ஆனால் ராம் (ஆப்கள் ஓடும் தற்காலிக நினைவகம்) 3 ஜிபி, 4 ஜிபி மட்டும் உள்ள போன் என்றால் கதை கொஞ்சம் வேறு, அதுவும் பணம் கட்டும் நேரத்தில். நம் நாட்டில் பேங்குகள் எஸ்எம்எஸ்ஸில் ஒருமுறை எண் (டிஏசி) அனுப்புவதைக் கைவிட்டு ஆப்பில் ஒப்புதல் கேட்கும் முறைக்கு மாறிவிட்டன. தீபாவளி டிக்கெட்டுக்கு எஃப்பிஎக்ஸ் (பேங்க் கணக்கிலிருந்து நேராகக் கட்டும் முறை) வழியாகக் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பிரவுசரை விட்டு பேங்க் ஆப்புக்குத் தாவி, கைரேகை வைத்து, திரும்பி வருவதற்குள் போன் இடம் போதாமல் பிரவுசர் பக்கத்தை இறக்கிவிட்டிருக்கும். வந்து பார்த்தால் வெள்ளைப் பக்கம், அல்லது நேரம் முடிந்தது என்ற செய்தி. உடனே இரண்டாம் தடவை கட்டிவிடாதீர்கள். பேங்க் ஆப்பில் பணம் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்ட உட்காருவதற்கு முன்னால் வீடியோ ஓடும் டேப்பையும் வேண்டாத ஆப்களையும் மூடிக்கொள்வது நல்லது. டேப்பை மூடுவதால் உடனடிப் பலன் என்று நான் கண்ணால் பார்த்தது இந்த ஓரிடத்தில்தான்.

இதில் இன்னொரு குழப்பம் உண்டு. பக்கம் இறங்காதபோது பிரவுசர் "ரீலோட்" என்று ஒரு பட்டன் காட்டும். நமக்கு இங்கே ரீலோட் என்றால் ப்ரீபெய்டுக்குக் காசு ஏற்றுவது. ஓர் அங்கிள் பத்து ரிங்கிட் ரீலோட் போட்டுவிட்டு வந்து, "போட்டுட்டேன், இன்னும் அதையே கேக்குது" என்று காட்டினார். அந்தப் பட்டனுக்குக் காசு வேண்டாம், தொட்டால் போதும்.

தெரியாமல் மூடிவிட்டேன். போனது போனதுதானா?

பயப்படாதீர்கள். குரோமில் மூடிய கையோடு கீழே சில நொடிகளுக்கு "அன்டூ" என்று வரும், மொத்தமாக மூடினாலும் வரும். அதைத் தவறவிட்டால் மூன்று புள்ளிக்குள் "ரீசன்ட் டேப்ஸ்". அங்கும் இல்லையென்றால் "ஹிஸ்டரி", சில வாரத்துக்கு முந்தையதுகூடக் கிடைக்கும். சஃபாரியில் அட்டைகள் தெரியும் இடத்தில் கூட்டல் குறியை அழுத்திப் பிடியுங்கள், சமீபத்தில் மூடியவை பட்டியலாக வரும். மறைவு டேப்பை மூடினால் மட்டும் இதெல்லாம் பலிக்காது.

வேண்டியதை எங்கே வைப்பது? டேப்பாக வைத்தால்தான் எனக்கு ஞாபகம் வரும்.

ஞாபகத்துக்காக வைப்பவர்கள்தான் அதிகம், எனக்குத் தெரியும். ஆனால் அறுபதாவது டேப்பில் இருப்பது யாருக்கு ஞாபகம் வரும்?

அடிக்கடி போகும் பக்கம் என்றால் நட்சத்திரக் குறியைத் தொட்டு புக்மார்க். இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை என்றால் உங்களுக்கே வாட்ஸ்அப் அனுப்பிக்கொள்ளுங்கள். 2022 கடைசியிலிருந்து நமக்கு நாமே செய்தி அனுப்ப வாட்ஸ்அப்பில் வசதி இருக்கிறது. லிங்க்கை மட்டும் அனுப்பாமல் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "ஏப்ரல் 30-க்குள் வருமான வரி இ-ஃபைலிங்". அந்த வரி இல்லாவிட்டால் அடுத்த வாரம் அது எதற்கு என்று உங்களுக்கே தெரியாது.

சமையல் குறிப்பு, மருந்து விவரம், துக்கச் செய்தி மாதிரி தொலைந்தால் மனசுக்குக் கஷ்டமானவற்றைப் பக்கமாகவே சேமியுங்கள். ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டால் மேலே கீழ்நோக்கிய அம்பு ஒன்று இருக்கும், அது பக்கத்தைப் போனுக்குள் இறக்கி வைக்கும். "ஷேர்" போய் "பிரின்ட்" எடுத்தால் பிடிஎஃப் ஆகவும் வைக்கலாம், பிரின்டர் தேவையில்லை. ஐபோனில் சஃபாரிப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தச் சின்னப் படத்தைத் தொட்டு, "ஃபுல் பேஜ்" என்றால் பக்கம் முழுவதும் பிடிஎஃப் ஆகிவிடும்.

குரோமில் ஓர் அட்டையை இழுத்து இன்னொன்றின் மேல் வைத்தால் குரூப் ஆகும், பெயரும் வைக்கலாம். ஊருக்குப் போகும் டிக்கெட், ஹோட்டல், வழி என்று மூன்று நாலு பக்கம் ஒன்றாகத் தேவைப்படும்போது அருமையான வசதி. பயணம் முடிந்ததும் குரூப்போடு மூடிவிடுங்கள். குரூப் குரூப்பாகச் சேர்த்து வைப்பவர்களும் உண்டு, அது குப்பையைப் பெட்டியில் போட்டு அடுக்குவது.

தானாகவே மூடிக்கொள்ளும்படி வைக்கலாமா?

ஐபோனில் லேசான வேலை. செட்டிங்ஸில் சஃபாரிக்குள் போய் "குளோஸ் டேப்ஸ்" பாருங்கள். புது ஐஓஎஸ்ஸில் "ஆப்ஸ்" என்பதற்குள் சஃபாரி இருக்கும். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று மூன்று தேர்வு. நான் எல்லோருக்கும் ஒரு மாதம்தான் வைத்துத் தருகிறேன். ஒரு நாள் வைத்தால் அடுத்த நாளே கடைக்கு வந்து சண்டை போடுவார்கள்.

குரோமில் 21 நாள் தொடாத டேப்களைத் தனியாக "இன்ஆக்டிவ்" என்ற இடத்துக்கு ஒதுக்கிவிடும். ஆண்ட்ராய்டில் அவற்றை 60 நாள் கழித்து மூடும்படியும் செட்டிங்ஸில் "டேப்ஸ்" பகுதியில் வைக்கலாம். திடீரென்று டேப் குறைந்துவிட்டதே என்று பதறுபவர்கள் முதலில் அந்த ஒதுக்கிய இடத்தைப் பாருங்கள்.

டேப்பை மூடினால் பேங்கிலிருந்து வெளியே வந்ததாக அர்த்தமா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பேங்குகள் சில நிமிடம் சும்மா இருந்தால் தாங்களாகவே வெளியேற்றும், ஆனால் லாக் அவுட் அழுத்திவிட்டு மூடுவதே முறை. மின்னஞ்சல், பேஸ்புக், கடைத் தளங்கள் எல்லாம் டேப்பை மூடினாலும் உள்ளேயேதான் இருக்கும். போனை விற்கப் போகிறவர்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் டேப்பை மூடிவிட்டோம் என்று நிம்மதியாகிவிடக் கூடாது. விற்பதென்றால் போனையே ரீசெட் செய்யுங்கள்.

மறைவு டேப் என்கிறார்களே, அதில் பார்த்தால் யாருக்கும் தெரியாதா?

உங்கள் போனை எடுத்துப் பார்க்கும் வீட்டாருக்குத் தெரியாது, அவ்வளவுதான். மறைவு டேப் எல்லாவற்றையும் மூடியதும் அந்தப் போனில் ஹிஸ்டரி இருக்காது. இணைய கம்பெனிக்கும், ஆபீஸ் வைஃபை என்றால் ஆபீசுக்கும் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று தெரியும். மூடாமல் விட்டால் மறைவும் இல்லை, ஒன்றும் இல்லை.

"உங்கள் போனில் 13 வைரஸ்" என்று பக்கம் வந்து, போன் அதிர்கிறது. மூடவே முடியவில்லை.

இந்தக் கேள்விக்குத்தான் ஓடி வருகிறார்கள், முகமெல்லாம் வெளுத்து. உங்கள் போனில் எத்தனை வைரஸ் என்று ஓர் இணையப் பக்கத்துக்கு எண்ணத் தெரியாது. அது விளம்பரம், அல்லது ஏமாற்று. அதிலுள்ள ஓகே, கேன்சல், பெருக்கல் குறி எதையும் தொடாதீர்கள், அந்தப் பெருக்கல் குறியும் பல நேரம் படம்தான். பிரவுசரின் சொந்தச் சதுரத்தைத் தொட்டு, அட்டையாக அதைத் தள்ளி மூடுங்கள். அதுவும் முடியாதபடி பெட்டி வந்து மறித்தால் ஆப்பை முதலில் மேலே தள்ளி மூடி, வைஃபையும் டேட்டாவும் நிறுத்தி, மறுபடி திறந்து மூடுங்கள். நெட் இல்லாமல் அந்தப் பக்கம் மறுபடி எழுந்து ஆடுவது கஷ்டம்.

டேப்பை மூடிய பிறகும் நோட்டிஃபிகேஷனாக வந்துகொண்டே இருந்தால், எப்போதோ ஒரு தளம் கேட்டதற்கு "அலவ்" கொடுத்திருக்கிறீர்கள். குரோம் செட்டிங்ஸ், "சைட் செட்டிங்ஸ்", "நோட்டிஃபிகேஷன்ஸ்" போய்த் தெரியாத பெயர்களை எல்லாம் தடை செய்யுங்கள்.

அந்தப் பக்கம் சொல்லிக் கொடுத்து ஏதாவது ஆப்பை, அதிலும் ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏற்றும் ஆப்), போனில் ஏற்றிவிட்டீர்களா? அல்லது பேங்க் விவரத்தைக் கொடுத்துவிட்டீர்களா? அப்படியென்றால் என் கடைக்கு வருவதற்கு முன்னால் நெட்டை நிறுத்துங்கள், வேறொரு போனிலிருந்து உங்கள் பேங்குக்கோ, 997-க்கோ கூப்பிடுங்கள். 997 மோசடிப் புகாருக்காக 2022-இல் அரசாங்கம் தொடங்கிய எண். போனைச் சுத்தம் செய்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பணம் அதுவரை காத்திருக்காது.

மொத்தத்தில் எத்தனை டேப் வைத்துக்கொள்ளலாம்?

கணக்கு ஒன்றும் கிடையாது. என் போனில் இதை எழுதும்போது 11. அதில் மூன்று எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

கடைக்குக் கொண்டுவந்தால் நீங்களே மூடித் தருவீர்களா? எவ்வளவு?

காசு வேண்டாம். ஆனால் போனை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய் வருகிறேன் என்றால் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து எதை மூடு, எதை வை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்னொருவர் டேப்பை நான் இப்போது கேட்காமல் தொடுவதில்லை. சனிக்கிழமை பிற்பகல் மட்டும் வேண்டாம், நிற்கவே இடம் இருக்காது.